தண்டையார்பேட்டை: அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிவு, ஆபரேஷனுக்கு இடம் கிடைக்கவில்லை

அம்மாவுக்கு 68 வயசு. சுகர், பிரஷர் இருக்கு. ஜூன் 14 காலையில பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாங்க. எக்ஸ்ரேயில வலது தொடை எலும்போட கழுத்துப் பகுதி, அதாவது இடுப்பு மூட்டுக்கிட்ட இருக்கிற பகுதி, முறிஞ்சிருக்கு. கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமா திரும்பிக் கிடக்கு. பெட்பான் வைக்கத் தூக்கினாலே அலறுறாங்க.

முதல்ல போன ஆஸ்பத்திரியில எலும்பு வார்டே கொரோனா வார்டா மாறிடுச்சு. இரண்டாவது இடத்துல டெஸ்ட் கேட்டாங்க. 17ஆம் தேதி நெகட்டிவ் வந்துச்சு, ஆனா மயக்க டாக்டர் கொரோனா டியூட்டியில இருக்கார்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மூணாவது இடத்துல 'அவசரமில்லாத ஆபரேஷன் எல்லாம் நிறுத்தியாச்சு'ன்னாங்க. இது தேய்ஞ்ச மூட்டை மாத்துற ஆபரேஷன் இல்லையே! இரண்டு நாளுக்குள்ள பண்ணணும், படுத்தே இருந்தா நிமோனியாவும் ரத்தக்கட்டும் வரும்னு எக்ஸ்ரே பார்த்த டாக்டரே சொன்னார். இன்னைக்கு 20, ஆறு நாள் ஆச்சு. முதுகுக்குக் கீழே தோல் சிவக்க ஆரம்பிச்சிருக்கு.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கு. ஊரடங்கு நேரம்னாலும் ஆம்புலன்ஸ் பேசி வச்சிருக்கோம்.

ராயபுரம், பெரம்பூர், திருவொற்றியூர் பக்கம் இந்த வாரம் இடுப்பு எலும்பு முறிவு ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரி எது?