அனுப்பும் முன் ஒரு துஆ: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

திருப்பூர் ஜாப் ஒர்க்:
அஸ்ஸலாமு அலைக்கும். ரெண்டு வருஷமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. தைத்துக் கொடுத்த வகையில் ஒருவர் எனக்கு 38,000 ரூபாய் பாக்கி வைத்திருந்தார். போனையும் எடுக்கவில்லை. ஒரு நாள் ராத்திரி இஷா தொழுதுவிட்டு, விரிப்பைக்கூட மடிக்காமல், அவர் படத்தோடு "ஏமாத்துக்காரர், யாரும் இவருக்குத் தைச்சுக் கொடுக்காதீங்க" என்று யூனிட்காரர்கள் குரூப்பில் போட்டுவிட்டேன்.

மூணாம் நாள் அவர் மகன் வந்தான். ப்ளஸ் டூ படிக்கிற பையன். ஓவர்லாக் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு மஞ்சப்பையிலிருந்து ரப்பர் பேண்ட் சுற்றிய கட்டை எடுத்தான். நூறும் ஐம்பதுமாக 4,000 ரூபாய். "மீதிய அப்பா தந்துருவாருங்க மாமா. அந்த போட்டோவ மட்டும் எடுத்துருங்க. எங்க கிளாஸ் பசங்க வரைக்கும் வந்துருச்சு" என்றான். என் குரூப்பில் அழிக்கலாம். மற்ற குரூப்களுக்குப் போனதை நான் என்ன செய்ய?

நபித்தோழர் இம்ரானின் அத்தா ஹுஸைனுக்கு நபிகள் நாயகம் (ஸல்) கற்றுக்கொடுத்த துஆ திர்மிதி ஹதீஸ் நூலில் வருகிறது: "அல்லாஹும்ம அல்ஹிம்னீ ருஷ்தீ, வ அஇத்னீ மின் ஷர்ரி நஃப்ஸீ." யா அல்லாஹ், எனக்கு நேர்வழியை மனதில் போடு, என் நஃப்ஸின் (மன இச்சையின்) தீங்கிலிருந்து காப்பாற்று. அன்றிலிருந்து இதை ஓதாமல் எதையும் அனுப்புவதில்லை. இந்த மாதிரி ஒருவரைப் பற்றிப் போடலாமா வேண்டாமா என்பதற்கு, அல்லாஹ்விடம் வழி கேட்கும் இஸ்திகாரா தொழலாமா?

ஈரோடு அம்மா:
2018-இல் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று ஓர் ஆடியோ சுற்றியதே, அதைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பியவள் நான். அந்த வருஷம்தான் திருவண்ணாமலை மாவட்டத்தில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு வயசான அம்மாவை அடித்தே கொன்றார்கள். எங்கள் தெருவுக்கு ஒரு வடக்கத்திக்காரர் கம்பளி விற்க வந்தார். பத்துப் பேர் வளைத்துக்கொண்டார்கள். மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. அடி விழுவதற்குள் பெரியவர்கள் வந்து விலக்கிவிட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். "நீங்க அனுப்புனதுதாம்மா எல்லார் போன்லயும் ஓடுது" என்றான் என் மகன். செய்தி வந்தால் விசாரியுங்கள் என்கிற குர்ஆனின் 49:6 ஆயத்தைச் சின்ன வயசிலேயே மனப்பாடம் செய்தவள் நான்.

கரும்புக்கடை:
திருப்பூர் பாய், மார்க்கத்தில் ஆகுமான ரெண்டு காரியத்தில் எது நல்லது என்று கேட்பதற்குத்தான் இஸ்திகாரா. ஒருத்தர் மானத்தை வாங்கலாமா என்று கேட்டுத் தொழ வேண்டியதில்லை. புறம் பேசுவது செத்த சகோதரனின் மாமிசத்தைத் தின்பது போல என்று 49:12 சொல்லிவிட்டது.

எனக்குப் பிரச்சினை கண். உக்கடத்தில் பஸ் ஏறி ரீல்ஸ் தள்ளிக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டில் இருந்தது சின்ன வயசில் எனக்கு ஓதிக்கொடுத்த ஹஜ்ரத். நான் நிமிர்ந்தபோது அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார். இறங்குகிற வரைக்கும் திரும்பவில்லை.

எல்லாருக்கும் சொல்கிறேன். இஷாவுக்கு அப்புறம் போனை வேறு அறையில் வையுங்கள். விடிகாலை சுபுஹுக்கு எழுப்ப தனியாக ஓர் அலாரம் கடிகாரம் வாங்குங்கள். ஷகல் பின் ஹுமைத் (ரலி) நபிகள் நாயகத்திடம் கேட்டு வாங்கிய துஆ அபூதாவூத் ஹதீஸ் நூலில் இருக்கிறது: காது, கண், நாக்கு, உள்ளம், இச்சை, இந்த ஐந்தின் தீங்கிலிருந்தும் பாதுகாப்புத் தேடுவது. பிள்ளைகளுக்கும் அர்த்தத்தோடு சொல்லிக்கொடுங்கள். தெரியாத குரூப்களிலிருந்து இன்றைக்கே வெளியே வந்துவிடுங்கள். கமெண்ட் எழுதத் தோன்றினால் போய் முகம், கை, கால் கழுவி ஒளு செய்யுங்கள், திரும்பி வருவதற்குள் பாதிக் கோபம் போய்விடும்.

பள்ளப்பட்டி மருமகள்:
கரும்புக்கடை அண்ணா, அவர் கேட்டது ஒரு கேள்வி. நீங்கள் போன் வைக்கிற இடம் வரைக்கும் போய்விட்டீர்கள். அநீதி செய்யப்பட்டவர் வெளியே சொல்லலாம் என்று 4:148-இல் இருக்கிறதே? கூலி கேட்டவரைப் புறம் பேசியவர்களோடு சேர்க்காதீர்கள்.

திருப்பூர் ஜாப் ஒர்க்:
எனக்காகப் பேசியதற்கு ஜஸாக்கில்லாஹு கைர், தங்கச்சி. பாக்கியைச் சொன்னதற்கு அந்த ஆயத் போதும். படத்தைப் போட்டதற்குப் போதுமா என்றுதான் தெரியவில்லை. மீதி 34,000-ஐயும் பொங்கலுக்கு முன்னாலேயே கொடுத்துவிட்டார். நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன், டீ வாங்கிக் கொடுத்தார். பையன்தான் இன்னமும் என் வண்டியைப் பார்த்தால் பக்கத்துச் சந்துக்குள் போய்விடுகிறான்.