விலை அடுக்கு வைத்து மாட்டிக்கொண்டவர்கள் இங்கே வாருங்கள்

கோவை_பில்லிங்

பள்ளிகளுக்கான நிர்வாக ஆப் விற்கிறோம். மாதச் சந்தா, மாணவர் எண்ணிக்கைப்படி. 500 பேர் வரை தலைக்கு 20 ரூபாய், 501 முதல் 1000 வரை 16, அதற்கு மேல் 12. பில்லிங் மென்பொருளில் இதை ஏற்றியது நான்தான். டியர்டு (அந்தந்த அடுக்கில் விழுகிற தலைக்கு மட்டும் அந்த அடுக்கின் விலை), வால்யூம் (மொத்த எண்ணிக்கை எந்த அடுக்கில் விழுகிறதோ அந்த விலையே எல்லாத் தலைக்கும்) இரண்டும் டிராப்டவுனில் அடுத்தடுத்து இருந்தன. எதைத் தேர்ந்தெடுத்தாலும் கீழே வரும் அட்டவணை ஒன்றேதான். ‘வால்யூம் டிஸ்கவுண்ட்’ என்று சேல்ஸ் ஆட்கள் நாள் முழுக்கப் பேசுவது காதில் ஓடிக்கொண்டிருந்ததால் வால்யூமை அமுக்கிவிட்டேன்.

எட்டு மாதம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் ஒரு பள்ளியின் பில் 15,840 ரூபாயிலிருந்து 12,012 ரூபாய்க்கு இறங்கியது. பிள்ளைகள் நின்றுவிட்டார்களோ என்று திறந்து பார்த்தால், 990 பேர் இருந்த இடத்தில் 1001 பேர். ஐந்தாம் வகுப்பில் புதிதாக ‘டி’ பிரிவு முளைத்திருந்தது. அதில் 11 பேர். மல்லிகை, முல்லை, கனகாம்பரம், செவ்வந்தி, சம்பங்கி என்று போகிறது பட்டியல். பதினொரு பேருக்கும் ஒரே பிறந்த தேதி. அப்பா பெயர் இருக்கவேண்டிய கட்டத்தில் ஒரு புள்ளி.

போன் செய்தேன். அங்கிருக்கும் கிளார்க் மழுப்பவே இல்லை. “ஆயிரத்தைத் தாண்டினா பில்லு குறையும்னு உங்க சாஃப்ட்வேர்தானே சார் காட்டுது? தாளாளர் சேர்க்கச் சொன்னாரு, சேர்த்தேன்.” எனக்குப் பேச்சு வரவில்லை. சம்பங்கி என்று ஒரு குழந்தை இருந்தாலும் இருக்கலாமே என்று ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஈபி_கார்டு

பூக்களைக் குறை சொல்லாதீர்கள். தப்பு உங்கள் மேல். தமிழ்நாட்டில் கரண்ட் பில் கட்டுகிற எவருக்கும் இந்த வித்தியாசம் தெரிந்திருக்கவேண்டும். முதல் 100 யூனிட் இலவசம், அப்புறம் அந்தந்த அடுக்கில் விழுகிற யூனிட்டுக்கு அந்தந்த அடுக்கின் விலை. இதுதான் டியர்டு. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் மட்டும் கீழே 101 முதல் 200 வரை போன யூனிட்டுக்கும் சேர்த்து விலை ஏறும். அது பாதி வால்யூம் குணம். 510 யூனிட் வந்த வீட்டில் ஏசியை யார் அணைக்காமல் விட்டது என்று சண்டை நடப்பது அதனால்தான்.

என் கதை சின்னது. எஸ்எம்எஸ் பேக் விற்றோம். 10,000 வரை 1,500 ரூபாய், 25,000 வரை 3,000. படிக்கட்டு மாடல், நடுவில் ஒன்றும் கிடையாது. ஒரு நகைக்கடை அட்சய திருதியைக்கு 10,003 அனுப்பிவிட்டு 3,000 ரூபாய் பில்லோடு நேரில் வந்துவிட்டார்கள். அந்த மூன்று, முதலாளிக்கும் அவர் மனைவிக்கும் மச்சானுக்கும் அனுப்பிப் பார்த்த சோதனை எஸ்எம்எஸ். மச்சானும் கூடவே வந்திருந்தார்.

பைசா_பாவி

நான் சொன்னால் சிரிக்கக்கூடாது. 499 ரூபாய் பிளான். கடைகளுக்கான பில் போடும் ஆப். பேமென்ட் ஏபிஐ (பணம் எடுக்கச் சொல்லி நம் ஆப் கட்டளை அனுப்பும் வழி) தொகையைப் பைசாவில்தான் கேட்கும், 49900 என்று போடவேண்டும். நான் 499 என்று போட்டேன். டெஸ்டில் எல்லாம் பச்சை. ஏனென்றால் ‘சக்சஸ்’ என்ற வார்த்தையைத்தான் பார்த்தேன், தொகையைப் பார்க்கவில்லை.

காலை ஆறு மணிக்கு ஆட்டோபே ஓடியது. 212 கடைகள். ஏழேகாலுக்கு விருதுநகரிலிருந்து ஒரு மளிகைக்கடை அண்ணாச்சி கூப்பிட்டார். “தம்பி, நாலு ரூவா தொண்ணூத்தொம்பது காசுதான் எடுத்திருக்கு. மீதி 494 ரூவாயை ஜிபேல போட்டு விடவா?” மற்ற 211 பேரும் கமுக்கம்.

மீதியை அன்றே எடுக்கலாமே என்று மேலாளர் குதித்தார். முடியாது. 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தொகையைச் சொல்லி அறிவிப்பு போகவேண்டும். எங்களுடைய அறிவிப்பும் முந்தின நாளே 4.99 என்று ஒழுங்காகப் போயிருக்கிறது. வாடிக்கையாளர்களும் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை. இரண்டாவது அறிவிப்பு போனதும் 30 பேர் மேண்டேட்டையே, அதாவது தானாகப் பணம் எடுக்கக் கொடுத்த அனுமதியையே, ரத்து செய்துவிட்டார்கள். அண்ணாச்சி மட்டும் இன்றும் எங்களிடம்தான் இருக்கிறார்.

தினார்

பைசா_பாவி அண்ணே, உங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் நான் மாட்டினேன். எல்லாத் தொகையையும் நூறால் பெருக்கி அனுப்பும்படி எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தேன். குவைத் தினாருக்கு 100 பைசா இல்லை, 1000 ஃபில்ஸ். 10 தினார் பிளான் 1 தினாராக ஓடியது. ஜப்பான் யென்னுக்குச் சில்லறையே கிடையாது, அங்கே நூறால் பெருக்கினால் நூறு மடங்கு எடுக்கும். நல்லவேளை, ஜப்பானில் எங்களுக்கு வாடிக்கையாளர் இல்லை.

சிராங்கூன்_வாசி

சிங்கப்பூரில் 2024 ஜனவரி 1 அன்று ஜிஎஸ்டி 8 சதவீதத்திலிருந்து 9 ஆனது. அதற்கு முந்தைய வருடம்தான் 7 லிருந்து 8 ஆகியிருந்தது, அதனால் வரி மாற்றுவது பழகிப்போயிற்று என்று நினைத்தேன். வரி அட்டவணையில் ஒரு எண்ணை மாற்றிவிட்டுப் புத்தாண்டு கொண்டாடப் போனேன்.

எங்கள் பிளான் 108 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), வரி உட்பட. அந்த ‘வரி உட்பட’ டிக்கை யார் போட்டது என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. 8 சதவீதத்தில் எங்களுக்கு நின்றது சரியாக 100 வெள்ளி. 9 ஆனதும் வாடிக்கையாளரிடம் வாங்கியது அதே 108, எங்களுக்கு நின்றது 99.08. ஜனவரி அறிக்கையை வைத்துக்கொண்டு பாஸ் கேட்டார்: “எல்லார் கணக்கிலும் 92 காசு குறையுதே, இது என்ன உண்டியலா?” விலையை 109 ஆக்கலாம் என்றால், ஒரு வருடத்துக்கு விலை மாறாது என்று எல்லோருக்கும் எழுதிக் கொடுத்திருந்தோம். வருடம் முழுக்க 92 காசு போய்க்கொண்டே இருந்தது.

கோவை_பில்லிங்

@ஈபி_கார்டு, கரண்ட் உதாரணம் இங்கே பொருந்தாது. அங்கே தாண்டினால் விலை ஏறும், அதனால் யாரும் பொய்யாக யூனிட் சேர்க்க மாட்டார்கள். இங்கே தாண்டினால் இறங்குகிறது. தப்பு என்னுடையதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ‘1000க்கு மேல் தலைக்கு 12 மட்டுமே!’ என்று ஆச்சரியக்குறியோடு நோட்டீஸ் அடித்தது நான் இல்லை. தாளாளர் அதை லேமினேட் செய்து வைத்திருக்கிறார்.

ஆடிட்டர்_ஆபீஸ்

எல்லோரும் விலையை மட்டும் பேசுகிறீர்கள், பில்லில் என்ன அச்சாகிறது என்று யாருமே பார்ப்பதில்லை. என் கிளையன்ட் ஒருவர் பிளானுக்கு ‘கோல்டு499’ என்று பெயர் வைத்தார். இரண்டு வருடம் கழித்து விலை 599. பெயரை மாற்றவில்லை. இன்வாய்ஸில் இடது பக்கம் கோல்டு499, வலது பக்கம் 599. ஒரு வாடிக்கையாளர் இரண்டையும் சிவப்புப் பேனாவால் சுழித்து எங்கள் ஆபீஸுக்கே கூரியர் அனுப்பினார். என் கதை அவ்வளவுதான்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பிளான் பெயரில் விலையைப் போடாதீர்கள். விலை மாறினால் பழைய பிளானைத் திருத்தாமல் புதிதாக ஒன்று போடுங்கள்; ஸ்ட்ரைப் என்ற பேமென்ட் சேவையில் ஒருமுறை உருவாக்கிய பிரைஸின் தொகையை மாற்றவே விடமாட்டார்கள், அது நல்லதற்குத்தான். அடுக்கு வைத்தால் நடு எண்ணை வைத்துச் சோதிக்காதீர்கள். எல்லோரும் 250 என்று போட்டுப் பார்த்துவிட்டுச் சரி என்கிறார்கள். 500, 501, 1000, 1001 போட்டுப் பாருங்கள், கோவைக்காரருக்கு வந்தது அன்றே தெரிந்திருக்கும். ஜனவரி 31 அன்று ஒரு சந்தாவைத் தொடங்கி பிப்ரவரி பில் எந்தத் தேதியில் வருகிறது, மார்ச்சில் 31க்குத் திரும்புகிறதா அல்லது 28 லேயே நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். இதற்காக இரண்டு மாதம் காத்திருக்கத் தேவையில்லை; ஸ்ட்ரைப்பில் டெஸ்ட் கிளாக், சார்ஜ்பீ என்ற பில்லிங் மென்பொருளின் டெஸ்ட் சைட்டில் டைம் மெஷின் என்று நாளைத் தள்ளிப் பார்க்கும் வசதி இருக்கிறது. மாத நடுவில் பிளான் மாறினால் புரோரேஷனுக்கு (மீதி நாட்களுக்கான கணக்கு) கிரெடிட் நோட் (பழைய பில்லின் தொகையைக் குறைக்கும் சீட்டு) போகிறதா, வெறும் தள்ளுபடியாகப் போகிறதா என்று முதலிலேயே உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள், மார்ச் மாதம் வந்து அழாதீர்கள். இன்வாய்ஸ் எண் தொடர் வரிசையில் இருக்கவேண்டும், 16 எழுத்துக்குள் அடங்கவேண்டும், இது ஜிஎஸ்டி விதி. ஒருவர் பள்ளியின் முழுப் பெயரையே எண்ணுக்கு முன்னால் சேர்த்திருந்தார்.

ஈபி_கார்டு

ஐயா, இது அனுபவப் பகிர்வுத் திரி.

பைசா_பாவி

அவர் சொன்னது விடுங்கள். கோவை அண்ணே, உங்கள் கதையில் ஒன்று இடிக்கிறது. 15,840க்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 18,691. 12,012க்குச் சேர்த்தால் 14,174. ஆட்டோபேயில் ஓடிபி இல்லாமல் எடுக்க வரம்பு 15,000 (முன்பு 5,000 இருந்தது, 2022 ஜூனில்தான் ஏற்றினார்கள்). பூக்கள் சேர்ந்ததும் பில் வரம்புக்குள் இறங்கிவிட்டது. அவர்கள் தப்பித்தது பணத்துக்கு மட்டும்தானா?

கோவை_பில்லிங்

இப்போதுதான் கிளார்க்கைக் கூப்பிட்டுக் கேட்டேன். மாதாமாதம் ஓடிபி தாளாளர் போனுக்கு வருமாம். அவர் மதியம் படுத்தால் நாலரைக்குத்தான் எழுவார், எழுப்பினால் திட்டு விழும். போன மாதத்திலிருந்து அந்தத் தொல்லை இல்லை என்று சந்தோஷமாகச் சொன்னார். மொத்தம் 11 பேர் போதும் என்று கணக்குப் போட்டதே அவர்தானாம், தாளாளர் தலையை மட்டும் ஆட்டியிருக்கிறார்.

டியர்டுக்கு மாற்றினால் 990 பேருக்கு 17,840 ஆகும். உண்மையிலேயே 1001 பேர் இருக்கும் பள்ளிக்கு ஒரே மாதத்தில் 6,000 ரூபாய் கூடும். லேமினேட் செய்த நோட்டீஸை வைத்திருப்பவரிடம் இதை யார் போய்ச் சொல்வது? புதுப் பள்ளிகளுக்கு மட்டும் டியர்டு, பழையவர்கள் பழைய பிளானிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். ஜூனில் கல்வியாண்டு மாறியபோது சிஸ்டம் தானாகவே எல்லோரையும் பாஸ் போட்டது. பதினொரு பூக்களும் இப்போது ஆறாம் வகுப்பு ‘டி’ பிரிவு.

சிராங்கூன்_வாசி

ஃபீஸ் கட்டினார்களா?

கோவை_பில்லிங்

பதினொன்றும் பாக்கி. ஃபீஸ் நினைவூட்டல் எஸ்எம்எஸ் வாரம் ஒருமுறை போகிறது. பெற்றோர் எண்ணாக எல்லாவற்றுக்கும் கிளார்க் தன் எண்ணைத்தான் கொடுத்திருக்கிறார். அதை நிறுத்த எங்கே போகவேண்டும் என்று இன்று காலை எங்கள் உதவிப் பிரிவுக்கு டிக்கெட் போட்டிருக்கிறார்.