ஸ்டார்ட்டிங் டைவில் எப்போதும் பின்தங்குகிறேன், எதை மாற்றுவது?

நீர்க்காகம்50:

50 மீட்டர், 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீந்துகிறேன். நீந்தும் வேகத்தில் யாருக்கும் சளைத்தவன் இல்லை, ஸ்டார்ட்டில்தான் மானம் போகிறது. பீப் கேட்டதும் மற்றவர்களோடு சேர்ந்துதான் பிளாக்கை (குளத்தின் ஓரத்தில் பாய்வதற்கு ஏறி நிற்கும் மேடை) விட்டுக் கிளம்புகிறேன், ஆனால் தலை வெளியே வரும்போது பார்த்தால் பக்கத்து லேன்காரர் ஓர் ஆள் நீளம் முன்னால் போய்க்கொண்டிருப்பார். வயிறும் தொடையும் தண்ணீரில் பளாரென்று அறைகின்றன, பாதி நேரம் காகிள்ஸ் மூக்குக்கு இறங்கிவிடும். பின்பக்கம் சாய்வுப் பலகை உள்ள பிளாக், ஒரு கால் முன்னால் ஒரு கால் பின்னால் வைத்துத்தான் நிற்கிறேன். பீப் சத்தத்தைப் போனில் போட்டு இன்னும் வேகமாகக் கிளம்பப் பழகினால் சரியாகிவிடுமா?

கரையோரக் கோச்:

ஆகாது. மற்றவர்களோடு சேர்ந்தே கிளம்புகிறேன் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், அப்புறம் கோளாறு அங்கே எப்படி இருக்கும்? திரையில் ரியாக்‌ஷன் டைம் என்று காட்டுவது பீப்பிலிருந்து கால் பிளாக்கை விட்டுப் பிரியும் வரை ஆகும் நேரம். உலகத்தரத்து வீரர்களுக்கே அது 0.6, 0.7 நொடி ஆகிறது. அதில் நீங்கள் மிச்சம்பிடிக்கப்போவது சொற்பம்.

நேரம் போவது வயிறு தண்ணீரில் அறைகிறதே, அங்கேதான். காற்றில் பாய்ந்து வரும்போது உங்களுக்கு இருக்கும் வேகம், நீந்தும்போது எட்டவே முடியாத வேகம். அதை அப்படியே தண்ணீருக்குள் கொண்டுபோக வேண்டும், நீங்களோ வயிற்றால் பிரேக் போடுகிறீர்கள். கை நுழைந்த அதே துளைக்குள் தலை, இடுப்பு, கால் எல்லாம் ஊசிக் காதில் நூல் போவதுபோல் போக வேண்டும்.

பாராமலே சொல்கிறேன், கிளம்பும்போது எதிர்ச் சுவரைப் பார்க்கிறீர்கள். தலை நிமிர்ந்தால் நெஞ்சு நிமிரும், நெஞ்சு நிமிர்ந்தால் உடம்பு பலகையாக விழும். காகிள்ஸ் கழல்வதற்கும் பெரும்பாலும் அதுதான் காரணம், கைக்குப் பதிலாக முகம் தண்ணீரை மோதுகிறது. பிளாக்கில் நிற்கும்போதே பார்வை கீழே இருக்கட்டும். முன்கால் விரல்கள் விளிம்பைக் கவ்வியிருக்கட்டும், பின்கால் முட்டி ஏறத்தாழ 90 டிகிரி, இடுப்பு உயரத்தில். பீப் வந்ததும் கையால் விளிம்பை இழுத்து, பின்காலால் உதைத்து, கடைசியாக முன்காலால் தள்ளுங்கள். கைகள் முன்னால் போனதும் தாடையை உள்ளே இழுத்து, காதுகளைப் புஜங்களுக்கு நடுவே ஒளித்துவிடுங்கள். காற்றில் இடுப்பு லேசாக மடங்கினால்தான் கால் பின்னாலேயே ஏறி அதே துளைக்கு வரும்.

பக்கவாட்டில் யாரையாவது நிற்கவைத்துப் போனில் ஸ்லோ மோஷன் எடுங்கள். இன்னொன்று, கோணத்தை மாற்றிப் பழகுவதை ஆழமான பக்கத்தில் மட்டும் செய்யுங்கள். பிளாக் உள்ள குளத்தில் சுவரிலிருந்து 1 மீட்டர் தொடங்கி 6 மீட்டர் வரை ஆழம் குறைந்தது 1.35 மீட்டர் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அது நன்றாக டைவ் அடிக்கத் தெரிந்தவருக்கான அளவு, சோதனை செய்து பார்ப்பவருக்கு அல்ல. கழுத்து விஷயம்.

எட்டாம் லேன்:

கோச் சொன்னதெல்லாம் சரி, ஒன்றைத் தவிர. கிளம்புவதில் கோளாறே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். எடையை முழுக்க முன்னால் சாய்த்து நின்றால் சீக்கிரம் கிளம்பலாம், ஆனால் அது விழுவது, பாய்வது இல்லை. கொஞ்சம் பின்னால் சாய்ந்து நின்றால் பிளாக்கில் ஒரு துளி நேரம் கூடும், கிளம்பும் வேகமும் கூடும். இரண்டையும் அடித்துப்பார்த்து 15 மீட்டருக்கு எவ்வளவு ஆகிறது என்று ஸ்டாப்வாட்ச்சில் பாருங்கள். எந்தக் கால் முன்னால் என்பதையும் அப்படியே முடிவு செய்யலாம், வலதுகைக்காரருக்கு இந்தக் கால் என்று எந்தச் சட்டமும் இல்லை.

டோக்கியோ ஒலிம்பிக்ஸில் அமெரிக்க வீரர் கேலெப் டிரெஸ்ஸல் 21.07 நொடியில் 50 மீட்டரை முடித்த ஓட்டத்தைத் தேடிப் பாருங்கள். தண்ணீரைவிட்டு மேலே வரும்போதே முன்னால் இருக்கிறார்.

நீர்க்காகம்50:

வீடியோ எடுத்துப்பார்த்தேன். கோச் சொன்னது அச்சு அசல், தலை ஆமை மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. குனிந்து அடித்தால் அறை போய்விட்டது, ஆனால் இப்போது நேராகத் தரையை நோக்கிப் போகிறேன், மேலே வருவதற்குள் வேகமெல்லாம் செத்துவிடுகிறது. உள்ளே போனதும் டால்பின் கிக்கை (இரண்டு காலையும் சேர்த்து அலைபோல் அடிப்பது) உடனே தொடங்குகிறேன், அதுவும் தப்பா?

கரையோரக் கோச்:

தப்புதான். நுழைந்த வேகம் கிக்கின் வேகத்தைவிட அதிகமாக இருக்கும்வரை கால் ஆட்டினால் தண்ணீரைக் கலக்கி வேகத்தைக் குறைப்பதுதான் நடக்கும். கை மேல் கை, உடம்பை அம்புபோல் நீட்டிய விறைப்பான ஸ்ட்ரீம்லைன், சும்மா வழுக்கிப் போங்கள். முன்னணி வீரர்களே சுவரிலிருந்து ஏறத்தாழ 6 மீட்டர் தாண்டித்தான் கிக்கைத் தொடங்குகிறார்கள், நீங்கள் அதைவிடக் கொஞ்சம் முன்னதாகத் தொடங்கலாம். ஆழமாகப் போவதற்கு மருந்து விரல்நுனிதான். இடுப்பு உள்ளே போனதும் விரல்களையும் மணிக்கட்டையும் மெதுவாக மேல்நோக்கித் திருப்பினால் உடம்பு தானே வளையும். தலையைத் தூக்கித் திருப்பாதீர்கள், மறுபடி பழைய கதைதான்.

ஃப்ரீஸ்டைலில் 15 மீட்டருக்குள் தலை வெளியே வர வேண்டும் என்பது விதி, 15 மீட்டர் வரை போயே ஆக வேண்டும் என்பது அல்ல! உங்கள் கிக் சுமார் என்றால் 9, 10 மீட்டரிலேயே எழுந்துவிடுங்கள். எழும் முதல் ஸ்ட்ரோக்கில் மட்டும் மூச்சு வாங்கவே கூடாது.

எட்டாம் லேன்:

கரையில் நின்ற இடத்திலிருந்து நீளத் தாண்டல், குந்தி எழும்புதல் இரண்டையும் வாரத்தில் சில நாள் சேர்த்துக்கொள்ளுங்கள், காலில் பலம் இல்லாமல் பிளாக்கில் எந்த நுணுக்கமும் வேலை செய்யாது. போட்டியில் பீப்புக்கு முன்னால் நகர்ந்து கிளம்பினால் முதல் தடவையே வெளியேற்றிவிடுவார்கள், எச்சரிக்கை கிடையாது. அதனால் சத்தத்தை ஊகித்துப் பாயும் பழக்கம் மட்டும் வேண்டாம். காகிள்ஸ் வாரை தொப்பிக்கு அடியில் போடுங்கள். ஒரு தொப்பி போதவில்லை என்றால் மேலே இன்னொன்று.