மறு: மறு: வீக்கம் வடிந்தால் விலை இறங்க வேண்டாமா?

அன்பின் நண்பர்களுக்கு,

நான் கேட்டது ஒரே ஒரு சொல்: விலை ஏறிக்கொண்டே, ஏறும் வேகம் மட்டும் குறைவதற்கு (ஆங்கிலத்தில் 'டிஸ்இன்பிளேசன்') ஒரு தமிழ்ச்சொல். நான்கு நாட்களில் முப்பதுக்கு மேல் மடல்கள் வந்துவிட்டன. எல்லாவற்றையும் வாசித்தேன், நன்றி. சனிக்கிழமை ஹட்டனில் உயர்தரப் பொருளியல் வகுப்பு. அதற்கான கையேட்டை வெள்ளி மாலை போட்டோ கொப்பிக்குக் கொடுத்தாக வேண்டும்.

நடுவில் சேர்ந்தவர்களுக்காக மறுபடி சொல்கிறேன். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம், அதாவது ஓராண்டில் விலைகள் ஏறிய வீதம், 69.8 சதவீதம். 2023 செப்டெம்பரில் 1.3. இரண்டையும் பலகையில் எழுதி என்ன நடந்தது என்று கேட்டேன். பாதி வகுப்பு 'விலை குறைந்தது' என்று எழுதியது. பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பி, "அப்படின்னா மாவு வெல ஏன் சார் எறங்கல?" என்றாள். லயத்துப் பிள்ளை (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டுப் பிள்ளை), வீட்டு ரொட்டிக்கு மாவு வாங்கிவருகிறவள் அவள்தான். 2021இல் தோட்ட நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. அடுத்த ஆண்டே உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. அவள் கேட்காமல் வேறு யார் கேட்பார்?

2021 செப்டெம்பரில் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் அடுத்த ஆண்டு 169 ரூபாய் 80 சதம். அதற்கடுத்த ஆண்டு ஏறத்தாழ 172. ஏறும் வேகம்தான் குறைந்தது. சுட்டெண் முந்திய ஆண்டைவிடக் கீழே இறங்கியது 2024 செப்டெம்பரில், அதுவும் 0.5 சதவீதம்தான். அதை நாம் பணச்சுருக்கம் என்கிறோம், தமிழ்நாட்டில் பணவாட்டம் என்கிறார்கள். எனக்கு வேண்டியது அதற்கு முந்திய நிலைக்கு, விலை ஏறிக்கொண்டே ஏற்றம் மட்டும் தளர்கிறதே, அதற்கு.

> வீக்கம் வற்றும், வடியும். ஆகவே 'வீக்கவற்றல்'.

யாழ்ப்பாணத்து ஐயா, தமிழாக அழகான சொல். ஆனால் கால் வீக்கம் வற்றினால் கால் பழைய அளவுக்கு வந்துவிடும். விலை வரவில்லையே! அந்தப் பாதி வகுப்பு விழுந்த குழியே இதுதான்.

அப்புறம் 'வீக்கு' என்றால் கட்டுதல், ஆகவே வீக்கம் என்பது இறுக்கம் என்று மூன்று மடல்கள் எழுதியிருந்தீர்கள். வேர் சரி. வீங்குவது எப்போதும் நோயல்ல என்பதையும் ஏற்கிறேன். 'மணந்தநாள் வீங்கிய தோள்' என்று வள்ளுவரே (குறள் 1233) மகிழ்ச்சிப் பூரிப்பைச் சொல்கிறார். இதை வகுப்பில் சொல்லத்தான் போகிறேன். ஆனால் இந்த இரண்டும் 69.8ஐயும் 1.3ஐயும் விளக்க உதவவில்லை.

> ஆங்கிலச் சொல்லை அப்படியே தமிழில் எழுதிவிடுங்கள் சேர். சோதனையில் பிள்ளைகள் தடுமாறக் கூடாது.

பதுளை டீச்சரின் கவலை எனக்கும் உண்டு. ஆனால் 'டிஸ்இன்பிளேசன்' என்று மனப்பாடம் செய்த பிள்ளை புள்ளியை வாங்கிவிடும், மாவு விலைக்குப் பதில் அதில் கிடைக்காது.

நான் முன்வைத்தது 'விலையேற்றத் தளர்வு'. எங்கள் ரயில் பாதையை நினைத்துப் பாருங்கள். நானுஓயாவிலிருந்து ரயில் மூச்சு வாங்கி ஏறுகிறது. பட்டிப்பொல நெருங்கும்போது ஏற்றம் தளர்கிறது. ரயில் இறங்கிவிட்டதா? இல்லை. கிட்டத்தட்ட 1,890 மீற்றர் உயரத்தில், பாதையின் உச்சியில் நிற்கிறது. தாண்டி ஒஹியப் பக்கம் சரிகிறதே, அதுதான் பணச்சுருக்கம். உயரம் விலை, ஏற்றத்தின் செங்குத்து பணவீக்கம். மலையில் பிறந்த பிள்ளைக்கு 'ஏத்தம் தளர்ந்திருச்சு' என்றால் போதும், வரைபடமே வேண்டாம்.

சென்னை நண்பர் 'பணவீக்கத் தணிவு' என்கிறார். நேற்றிரவு வரை எண்ணினால் அதற்கு ஏழு பேர், எனக்கு மூன்று, ஐயா தனியாக. பணவீக்கம் என்ற சொல் ஏற்கெனவே பாடநூலிலும் வினாத்தாளிலும் இருப்பதால் அதை ஒட்டியே போவது பாதுகாப்பு என்ற காரணத்தை மறுக்க எனக்கு வழியில்லை. கையேட்டில் அதையே போடுகிறேன். ஆனால் தணிவு என்றதும் காய்ச்சல் தணிவதுதான் நினைவுக்கு வருகிறது, காய்ச்சல் தணிந்தால் உடம்பு சுகமாகிவிடும் என்றுதானே பிள்ளை நினைக்கும்? அதனால் என் சொல்லையும் கீழே எழுதி, பக்கத்தில் நானுஓயா - பட்டிப்பொல - ஒஹிய கோட்டுப்படம் ஒன்றும் வரைகிறேன்.

ஐயா, உங்கள் மறுப்பு அப்படியே நிற்கட்டும். வெள்ளி நான்கு மணிக்குள் யாராவது 'தணிவு' என்பதற்குப் பதில், வேகம் மட்டும் குறைவதைச் சொல்லும் ஓர் ஒற்றைச் சொல் தந்தால், தலைப்பை மாற்றி அடிக்கிறேன்.