மூணு வருஷமா ஒரே ஜெபம், பதிலே இல்ல. அவரு கேக்கறாரா இல்லையா?

கோத்தகிரி_பனி:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம், வணக்கம். சர்ச்சுல இதைக் கேட்டா மூஞ்சி மாறுது, அதான் முகம் தெரியாத இடமா பாத்து இங்க வந்து கேக்கறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நாங்க கோத்தகிரிக்கு அந்தாண்ட ஒரு ஊரு. அரை ஏக்கர் தேயிலை, அது போக நான் பக்கத்துத் தோட்டத்துக்குக் கொழுந்து பறிக்கப் போறேன். வீட்டுக்காரருக்கு ரெண்டு கிட்னியும் வேலை செய்யலைன்னு சொல்லி மூணு வருஷம் ஆச்சு. செவ்வாய், வியாழன், சனி ஊட்டிக்குப் போய் டயாலிசிஸ், ஒரு தடவைக்கு 4 மணி நேரம், காலைல முத பஸ்ஸைப் புடிச்சா பொழுது சாயத்தான் வீடு, திரும்பி வரும்போது தலையை என் தோள்ல போட்டுட்டு ஒரு வார்த்தை பேச மாட்டாரு. ஒரு நாளைக்குத் தண்ணி முக்கால் லிட்டர் தான், அதுக்குள்ள தான் டீ, ரசம், மாத்திரை முழுங்கறது எல்லாம். காலைலயே ஒரு பாட்டில்ல அளந்து வெச்சிருவேன். தேயிலை வெச்சிருக்கற மனுஷன் ஒரு டம்ளர் டீ முழுசா குடிக்க வழியில்ல. ராத்திரி நாக்கு வறண்டு போச்சுன்னா ஐஸ் கட்டி ஒண்ணை வாயில போட்டுக்குவாரு, இந்த ஜனவரிக் குளிருல.

இடது கையில ஃபிஸ்டுலா போட்டிருக்கு, டயாலிசிஸுக்கு ஊசி குத்தறதுக்காக ரத்தக் குழாய் ரெண்டை ஒண்ணா சேத்து வெச்சிருக்காங்க. தெனமும் தொட்டுப் பாக்கணும், உள்ள கிர்ர்ருனு ஓடணும், ஓடலைன்னா உடனே கெளம்பி வந்துருங்கன்னு டெக்னீசியன் தம்பி சொல்லிக் குடுத்தாரு. காதை வெச்சா மழைக்காலத்து ஓடை மாதிரி சத்தம். ராத்திரி பசங்க தூங்கினதும் அதைப் பாத்துட்டு, அந்தக் கையைப் புடிச்சுட்டே தான் ஜெபம் பண்ணுவேன். மூணு வருஷமா அதே ஜெபம்.

நான் ஒரு கிட்னி குடுக்கறேன்னு சொன்னேன், உனக்கே சுகர் இருக்கு, முடியாதுன்னுட்டாங்க. அரசாங்க லிஸ்ட்டுல பேரு பதிஞ்சிருக்கோம். அதுலயும் ஒரு உறுத்தல். கிட்னி கெடைக்கணும்னு ஜெபம் பண்ணா யாரு வீட்டுலயோ சாவு விழணும்னு கேக்கற மாதிரி இருக்கு, பாதியிலயே நிறுத்திருவேன்.

ஒரு ஜெபக் கூட்டத்துல, உங்க குடும்பத்துல அறிக்கை பண்ணாத பாவம் இருக்கு, 21 நாள் உபவாசம் இருங்கன்னாங்க. இருந்தேன். சுகர்காரி, மூணாம் நாளே கொழுந்துப் பையோட தோட்டத்துல விழுந்துட்டேன்.

என் கேள்வி இது தான். குணமாக்கலைன்னு இப்ப கோவம் கூட இல்ல, அதெல்லாம் தாண்டியாச்சு. அவரு பாக்கறாரா? நான் பேசறது எங்கயாவது போய்ச் சேருதா, இல்ல எங்க வீட்டுத் தகரத்தோட நின்னுருதா?

ஜெயம்_உண்டு:

சிஸ்டர் சோர்ந்து போகாதீங்க!! சந்தேகப்பட்டுக் கேட்டா கெடைக்காது. குணமாயிட்டாருன்னு வாயால அறிக்கை பண்ணுங்க. மருந்தை நம்பாம தேவனை மட்டும் நம்புங்க, அடுத்த மாசமே சாட்சி எழுதுவீங்க. ஆமென் போடுங்க!

நைட்_டூட்டி_நர்ஸ்:

மருந்தை நம்பாதன்னு எழுதின புண்ணியவானே, டயாலிசிஸை ஒரு வாரம் விட்டா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு? அக்கா, இவரு பேச்சைக் கேட்டு ஒரு நாள் கூட விட்டுராதீங்க. சுகரோட இனி உபவாசமும் வேண்டாம். மிச்சத்தை டூட்டி முடிச்சுட்டு வந்து எழுதறேன்.

கேத்தி_வாத்தியார்:

அம்மா, நான் ரிட்டையர்டு வாத்தியார், கேத்தி பக்கம், சிஎஸ்ஐ சபை தான். உங்களுக்குப் பதில் சொல்ற தகுதி எனக்கு இருக்கான்னு தெரியல, எனக்கு நடந்ததைச் சொல்றேன்.

2009 நவம்பர் மழை உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். வானம் பொத்துக்கிட்டு ஊத்துச்சு, மாவட்டம் பூரா மண்ணு சரிஞ்சு 40 பேருக்கு மேல போனாங்க. எங்க வீட்டுக்குக் கீழ இருந்த வீடு காலைல பாத்தா இல்ல. கேரட் பாத்தியும் வீடும் ஒண்ணா கலந்து சேறா கெடந்துச்சு, ஒரு இரும்புக் கட்டிலோட கால் மட்டும் வெளிய நீட்டிட்டு இருந்துச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை சாட்சி சொல்ற நேரம், ஆளாளுக்கு எந்திரிச்சு தேவன் எங்க வீட்டைக் காப்பாத்தினாருன்னு சொன்னாங்க. சொல்றதுல தப்பில்ல. என்னையும் திரும்பிப் பாத்தாங்க. நான் எந்திரிக்கல. கீழ் வீட்டுல மட்டும் ஜெபம் பண்ணாமயா இருந்தாங்க? ராத்திரி எட்டு மணியானா அவங்க குடும்ப ஜெபப் பாட்டு எங்க அடுப்படி வரைக்கும் கேக்கும்.

அப்புறம் ஒரு வருஷம் நான் ஜெபமே பண்ணல. வேதத்தை மட்டும் வாசிச்சேன், அதுவும் குத்தம் கண்டுபிடிக்கறதுக்குன்னே வாசிச்சேன். யாத்திராகமம் 3ல, என் ஜனங்க படற பாட்டைப் பாத்தேன், அவங்க கூக்குரலைக் கேட்டேன், அவங்க வேதனையை அறிஞ்சிருக்கேன்னு சொல்றாரு இல்லையா, அது நான் சண்டே ஸ்கூல்ல எத்தனையோ வருஷம் நடத்தின பகுதி. அப்ப தான் உக்காந்து கணக்குப் போட்டேன். பார்வோன் முன்னாடி போய் நிக்கறப்ப மோசேக்கு வயசு 80. ஆண் கொழந்தைங்களை நதியில போடுங்கன்னு உத்தரவு போட்டது மோசே பொறக்கறதுக்கு முன்னாடி. அப்ப அந்தக் கொழந்தைங்களைப் பெத்தவங்க கூப்பிட்ட கூப்பாடு என்னாச்சு? எத்தனை பேரு செங்கல் அறுத்துட்டே செத்திருப்பாங்க? 80 வருஷம் கழிச்சு வந்து 'கேட்டேன்'ங்கறாரு. இந்தத் தாமதத்துக்கு எங்கிட்ட இன்னிக்கும் சமாதானம் கெடையாதும்மா. யாராவது இருக்குன்னு சொன்னா அவங்க மேல எனக்குக் கொஞ்சம் சந்தேகம் தான். ஆனா ஒண்ணு, அந்தக் 'கேட்டேன்'ல கடைசியா அழுதவங்க மட்டும் இல்ல, மொதல்ல அழுதவங்களும் இருக்காங்க, விடுதலையைக் கண்ணால பாக்காமயே போனவங்க. என் கீழ் வீட்டுப் பாட்டும் அதுல இருக்குன்னு நான் நம்பறேன். அதுக்கு மேல நம்ப என்னால முடியல, அது போதுமான்னும் தெரியல, ஆனா அதை வெச்சுட்டுத் தான் மறுபடி ஜெபம் பண்ண ஆரம்பிச்சேன்.

சங்கீதம் 88ஐ ஒரு தடவை வாசிங்க. மத்த புலம்பல் எல்லாம் முக்கால்வாசி கடைசியில ஸ்தோத்திரத்துல வந்து நிக்கும், இது இருட்டுலயே முடியுது. அதையும் வெட்டாம வெச்சிருக்காங்க பாருங்க. பாவம் இருக்குன்னு சொன்னவங்க கிட்ட யோவான் 9ஐக் காட்டுங்க, பொறவிக் குருடனைப் பாத்து இவன் பாவமா, பெத்தவங்க பாவமான்னு சீஷருங்களே கேக்கறாங்க, ரெண்டும் இல்லைன்னுட்டாரு.

பூம்பாறை_பூண்டு:

நான் கொடைக்கானல் மலை, குழந்தை வேலப்பர் ஊரு. மதம் வேற அக்கா, ஆனா அந்தத் தகரத்தோட நின்னுருதான்னு கேட்டீங்களே, அதைப் படிச்சதும் சும்மா இருக்க முடியல.

சுந்தரருக்குக் கண்ணு போச்சு தெரியுமா. சங்கிலியாருக்குப் பண்ணின சத்தியத்தை மீறி திருவொற்றியூரை விட்டுக் கெளம்பினதும் ரெண்டு கண்ணும் போயிருச்சு (அவருக்காவது ஒரு காரணம் இருந்துச்சு, உங்களுக்கு அதுவும் இல்ல). தட்டுத் தடுமாறி திருவெண்பாக்கத்துக்கு வந்து வாசல்ல நின்னு, கோயிலுக்குள்ள இருக்கியான்னு கேக்கறாரு. உங்க கேள்வியே தான். உள்ள இருந்து வந்த பதில் 'உளோம் போகீர்'. இருக்கோம், நீ போ. அவ்ளோ தான்! கண்ணைக் குடுக்கல, கையில ஒரு ஊன்றுகோல் குடுத்தாரு, அந்த சாமிக்கே ஊன்றீஸ்வரர்னு பேரு. கண்ணு வந்தது அப்புறமா, காஞ்சிபுரத்துல ஒண்ணு, திருவாரூர்ல ஒண்ணு, அத்தனை தூரம் அந்தக் கோலைத் தட்டிட்டுப் போய்.

போனவரு வாயை மூடிட்டுப் போகல. திருவாரூர்ல போய் 'வாழ்ந்து போதீரே'ன்னு பாடறாரு, நாம வயித்தெரிச்சல்ல 'நல்லா இருங்கய்யா'ன்னு சொல்லுவோம்ல, அதே தொனி. அந்தத் திட்டையும் தேவாரத்துல சேத்து இன்னிக்கும் ஓதுவாருங்க பாடறாங்க. அதனால திட்டுங்கக்கா. பாவம் இல்ல.

காய்கறி_வண்டி:

எனக்கு சாமி நம்பிக்கையே கெடையாது, பெருசா எழுதவும் வராது. கோத்தகிரில இருந்து ஊட்டிக்கு லோடு அடிக்கறேன், வியாழக்கிழமை சாயங்காலம் காலி வண்டியா தான் திரும்பறேன். முன்னாடி ரெண்டு பேரு தாராளமா உக்காரலாம், சாஞ்சுக்கவும் இடம் இருக்கு. தனி மெசேஜ் போடுங்க. இதைப் போய் கர்த்தர் அனுப்பின வண்டின்னு சாட்சி சொல்லிராதீங்க, டீசல் நான் தான் போடறேன்.

நைட்_டூட்டி_நர்ஸ்:

வந்துட்டேன் அக்கா. ரெண்டு விஷயம்.

பெரிடோனியல் டயாலிசிஸ்னு ஒண்ணு இருக்கு, வயித்துல சின்னக் குழாய் வெச்சு அது வழியா பையில இருக்கற திரவத்தை எறக்கி, வீட்டுலயே தெனமும் 3, 4 தடவை மாத்தறது. 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல அந்தப் பைகளும் குடுக்கறாங்க. எல்லாருக்கும் ஒத்து வராது, கை சுத்தம், ரூம் சுத்தம் ரொம்ப முக்கியம், கொஞ்சம் அசந்தா வயித்துல சீழ் புடிச்சிரும். ஆனா வாரம் மூணு நாள் பஸ்ஸுல குலுங்கறவங்க டாக்டர் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாம்.

அடுத்தது அந்த உறுத்தல். நீங்க ஜெபம் பண்றதால யாரும் சாகறதில்ல. மூளைச்சாவுன்னு டாக்டருங்க டெஸ்ட் பண்ணி உறுதி பண்ணதுக்கு அப்புறம் தான் குடும்பத்துக்கிட்டயே கேப்பாங்க. ஒரு அம்மா கையெழுத்துப் போடறப்ப நான் பக்கத்துல நின்னிருக்கேன். பேனாவைத் திருப்பிக் குடுத்துட்டு யாருக்குப் போகுதுன்னு சொல்லுவீங்களான்னு கேட்டாங்க. சொல்லக் கூடாதும்மான்னேன். சரி, யாரா இருந்தாலும் அவங்களாவது நல்லா இருக்கட்டும்னாங்க. 2023ல இருந்து உறுப்பு தானம் பண்ணவங்களுக்கு அரசு மரியாதை எல்லாம் பண்றாங்க, சந்தோஷம் தான், ஆனா எனக்கு அந்தம்மா தான் நிக்கறாங்க மனசுல. ஜெபத்தைப் பாதியில நிறுத்தாதீங்க அக்கா, அந்த மாதிரி ஒரு அம்மாவுக்காகவும் சேத்துப் பண்ணுங்க. நான் அப்படித் தான் பண்றேன்.

கொளப்பள்ளி_லயம்:

நாங்க சிலோன்ல இருந்து வந்த குடும்பம். 1964ல ரெண்டு நாட்டுப் பிரதமருங்களும் கையெழுத்துப் போட்டாங்கல்ல, அங்க இருந்த தோட்டத் தமிழருங்கள்ல 5,25,000 பேரு இந்தியாவுக்கு, 3,00,000 பேரு அங்கன்னு, அந்தக் கணக்குல எங்க அப்பாயி, அப்பாவோட அம்மா, இந்தப் பக்கம் வந்துருச்சு, அதோட தங்கச்சி அந்தப் பக்கம் நின்னுருச்சு. தலைமன்னார்ல கப்பல் ஏறினது தான், அப்புறம் மண்டபம் கேம்ப், அங்கிருந்து இங்க டேன்டீ தோட்டம், அரசாங்கத் தேயிலைத் தோட்டம்.

அப்பாயிக்கு ஒரே வேண்டுதல், தங்கச்சி மூஞ்சியை ஒருக்கா பாத்துறணும். நாங்க இருந்த லயத்துக்கு, அதான் தோட்டத்து லைன் வீட்டுக்கு, கீழ மாரியம்மன் கோயில்ல தெனமும் வெளக்கு. மொதல்ல கடிதாசு வந்துட்டு இருந்துச்சு, 83 கலவரத்துக்கு அப்புறம் அதுவும் நின்னு போச்சு. பாக்காமயே தான் செத்துச்சு. அந்த வேண்டுதல் நடக்கல, அதுல மழுப்பறதுக்கு ஒண்ணும் இல்ல.

நான் சின்னப் பையனா கூடப் போயிருக்கேன். கடைசி வருஷங்கள்ல அப்பாயி அம்மன் கிட்ட எதையும் கேக்காது. பேசும். இன்னிக்கு 18 கிலோ தான் எடுத்தேன் தாயி, அட்டை கடிச்சு கால்ல ரத்தம் நிக்கல, கங்காணி மக வயசுக்கு வந்துட்டா, அரிசில ஒரே கல்லு. அப்புறம் திடீர்னு 'அவ அங்கிட்டு எப்புடி இருக்கா, நீ பாத்துக்கிட்டுத் தான இருக்க'ன்னு கேக்கும். கேட்டுட்டு பதிலுக்கு நிக்காது, முந்தானைல கையைத் தொடச்சுட்டு வா போலாம்னு கெளம்பிரும். எனக்கு அது அப்ப வெளங்கல. இப்பவும் முழுசா வெளங்கலன்னு தான் சொல்லணும். ஆனா கேக்கற ஆள் இல்லாத எடத்துல அப்பாயி அரிசில கல்லு இருக்கறதையெல்லாம் சொல்லிட்டு நின்னிருக்காது, அது அப்படிப்பட்ட ஆளு இல்ல.

கோத்தகிரி_பனி:

எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். வீட்டுக்காரருக்கும் வாசிச்சுக் காட்டினேன். 'டீசல் நான் தான் போடறேன்'ல சிரிச்சுட்டாரு, அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாச்சு. அண்ணா, மெசேஜ் போட்டிருக்கேன், சாட்சி சொல்ல மாட்டேன்.

வாத்தியார் ஐயா, சங்கீதம் 88 வாசிச்சேன். என் பேச்சு தான் அது. இத்தனை வருஷமா சபையில யாரும் அதைப் படிச்சு நான் கேட்டதே இல்ல.

நேத்து ராத்திரி நான் எதுவும் கேக்கல. கொளப்பள்ளி அப்பாயி மாதிரி சும்மா சொன்னேன். பனியில மேல் பாத்தி தேயிலை பூரா கருகிப் போனது, கொழுந்து வெலை கிலோ இருவது ரூபாயைத் தாண்ட மாட்டேங்கறது, சின்னவனுக்கு ஷூ கிழிஞ்சது. நடுவுல கோவம் வந்து நல்லாவே திட்டிட்டேன், பூம்பாறைத் தம்பி தான் பொறுப்பு. அவரு தூங்கலை போல, என்ன புள்ள, யாரு கூட சண்டைன்னாரு. உங்களுக்கென்ன, தூங்குங்கன்னேன். பதில்னு ஒண்ணும் வரல. கை மட்டும் கிர்ர்ருனு ஓடிட்டே இருந்துச்சு, காதை வெச்சுட்டு அப்படியே தூங்கிட்டேன்.

நாளைக்கு சனிக்கிழமை. நர்ஸம்மா சொன்ன அந்தப் பை விஷயத்தை டாக்டர் கிட்டக் கேக்கறேன், பேரை ஒரு சீட்டுல எழுதி பர்ஸுல வெச்சிருக்கேன்.

காய்கறி_வண்டி:

இப்ப தான் ஊட்டில இருந்து வந்தேன். தொட்டபெட்டா ஜங்ஷன் தாண்டி ரோட்டோரமெல்லாம் உறைபனி, காலைல முத பஸ்ஸு லேட்டா தான் வரும். அவருக்குக் காதை மூடி மப்ளர் கட்டிக் கூட்டிட்டுப் போங்க.