மேடை ஏறியதெல்லாம் ஏன் அச்சேறவில்லை?

(புனைபெயரில் நாலு பேர் விவாதிக்கிறார்கள். ‘முன்னாள் பிஜி’ மருத்துவ மேற்படிப்பு மாணவராக இருந்தவர்.)

வார்டு ரவுண்ட்ஸ்: மருத்துவ மாநாடுகளில் வாசிக்கப்படும் ஆய்வுகள் பிறகு என்ன ஆகின்றன என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2018-இல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டது. மொத்தம் 3,07,028 அப்ஸ்ட்ராக்ட்கள், அதாவது மாநாட்டுக்குத் தரும் ஆய்வுச் சுருக்கங்கள். முழுக் கட்டுரையாக ஜர்னலில் வந்தவை 37.3 சதவீதம்தான். மிச்சமெல்லாம் ஃப்ளைட் டிக்கெட், பஃபே, தோளில் மாட்டும் பை. கான்ஃபரன்ஸ் என்ற பெயரில் சுற்றுலா நடக்கிறது.

சல்லடை: அவசரப்படாதீர்கள் டாக்டர். அதே தொகுப்பாய்வில், பத்து வருடம் பொறுத்தால் எத்தனை அச்சேறும் என்ற கணக்கையும் பாருங்கள்: 46.4 சதவீதம். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து (ரேண்டமைஸ் செய்து) நடத்தியவை, ஒப்பீட்டுக் குழு வைத்து நடத்தியவை ஆகிய சோதனைகளை மட்டும் எடுத்தால் 68.7. அரைவேக்காட்டைக் கொண்டுவந்து நாலு பேரிடம் திட்டு வாங்குவதற்குத்தானே மாநாடு? தேறாதது அங்கேயே நின்றுவிடட்டும். எல்லாமே அச்சேறினால் யார் படிப்பது?

கணக்குப்பிள்ளை: சல்லடை தரம் பார்த்துச் சலித்தால் சரி. முடிவைப் பார்த்துச் சலிக்கிறதே! அமெரிக்காவின் ஆஸ்கோ புற்றுநோய் மாநாடுகளில் 1989 முதல் 1998 வரை வந்த 510 பெரிய மூன்றாம் கட்டச் சோதனைகளை (புதுச் சிகிச்சையை நிறையப் பேரிடம் ஒப்பிட்டுப் பார்ப்பவை) பின்தொடர்ந்து 2003-இல் ஜாமா மருத்துவ ஜர்னலில் எழுதினார்கள். ஒவ்வொன்றிலும் குறைந்தது 200 நோயாளிகள்; அரைவேக்காடு என்று தள்ள முடியாது. 26 சதவீதம் ஐந்து வருடம் ஆகியும் வரவில்லை. புள்ளியியல்படி வித்தியாசம் தெரிந்தவற்றில் 81 சதவீதம் வந்தன, தெரியாதவற்றில் 68. பின்னால் வெளிவந்த ஆய்வுகளைச் சேர்த்து ஒரே கணக்காகப் போடும் மெட்டா அனாலிசிஸ் செய்பவர் கையில் நல்ல சேதி மட்டுமே சிக்கும். மருந்து இருப்பதைவிட ஒரு படி உசத்தியாகத் தெரியும்.

முன்னாள் பிஜி: பெரிய சதி எல்லாம் இல்லை சார். நேரமில்லை, அவ்வளவுதான். வெளியிடாதவர்களைக் கேட்டுத் தொகுத்த ஆய்விலும் முதலில் வந்த காரணம் அதுதான். எங்கள் காலத்து எம்.சி.ஐ. (அன்றைய இந்திய மருத்துவக் கவுன்சில்) விதிப்படி பரீட்சை எழுத மாநாட்டில் மாட்டும் ஒரு ஆய்வுப் போஸ்டர், மாநாட்டில் ஒரு பேப்பர், ஜர்னலுக்கு ஒன்று வேண்டும். அந்த மூன்றாவதுக்கு ‘அனுப்பியாகிவிட்டது’ என்றாலே போதும்! என் போஸ்டர் இன்னும் பீரோ மேல் சுருண்டு கிடக்கிறது.

சல்லடை: பார்த்தீர்களா? இதற்குப் போய் மோசடிப் பட்டம் கட்டுகிறீர்கள்.

கணக்குப்பிள்ளை: மோசடி என்று நான் எங்கே சொன்னேன்? பிஜி தம்பிக்கு ஒரே கேள்வி. முடிவு பளிச்சென்று வந்திருந்தால் அந்த நேரம் கிடைத்திருக்குமா, கிடைத்திருக்காதா?

முன்னாள் பிஜி: கிடைத்திருக்கும். முதுகில் மரத்துப்போக ஊசி (ஸ்பைனல்) போடும்போது கூடச் சேர்க்கும் இரண்டு மருந்துகளை 60 பேரிடம் ஒப்பிட்டேன். வலி இரண்டிலும் ஒரே மாதிரிதான் குறைந்தது. ‘இதை எந்த ஜர்னல்காரன் போடுவான்’ என்றார் என் கைடு. நானும் விட்டுவிட்டேன்.

சல்லடை: ஒரே மாதிரியா? அப்படியானால் விலை குறைந்ததையே போடலாமே தம்பி. அதுவே ஒரு பேப்பர்தான்.

முன்னாள் பிஜி: எக்செல் பழைய லேப்டாப்பில் இருக்கிறது. முதலில் சார்ஜரைத் தேட வேண்டும்.