"ஓரிரு இடங்களில் மழை" என்றால் என்ன கணக்கு? ஓர் உப்பளத்துக்காரனின் கேள்வி

உப்பளத்தான்:
தூத்துக்குடி பக்கம் நாலு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவிக்கிறேன். ஏப்ரலில் ஒருநாள் டிவியில் "தென் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்" என்றார்கள். பாத்தியில் உப்பு இன்னும் இறுகவில்லை, வாருவதற்கு நாலு நாள் பாக்கி. பயந்துபோய் ஆள் பிடித்து, வாரி, உப்பைக் குவித்து வைக்கும் தட்டுமேட்டில் ஏற்றிவிட்டேன். பொடி உப்பு, பாதி விலைக்குத்தான் போனது. மழையும் இல்லை.

மே மாதம் மறுபடியும் அதே வாசகம். போங்கடா என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் இருபது நிமிஷம்தான் கொட்டியது, ஆறு பாத்தி உப்பு கரைந்தே போச்சு. மறுநாள் பேப்பரில் மழையளவுப் பட்டியலில் எங்கள் ஊரே இல்லை! இவர்கள் எதை வைத்து அளக்கிறார்கள், எதை வைத்துச் சொல்கிறார்கள்?

எட்டரைமணி:
அண்ணாச்சி, ஒரு தாலுகா அலுவலக வளாகத்தில் ஒன்பது வருஷம் மழைமானி பார்த்தவன் நான். காலை 8.30க்குப் பூட்டைத் திறந்து, புனலைத் தூக்கி, உள்ளே இருக்கும் பாட்டில் தண்ணீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றுவேன். தண்ணீர் ஓரத்தில் ஏறி நடுவில் குழிந்து நிற்கும். குனிந்து, கண்ணை அந்தக் குழியின் மட்டத்துக்குக் கொண்டுவந்து படிக்க வேண்டும். நின்றபடி பார்த்தால் கணக்குத் தப்பும். மழை இல்லாத நாளிலும் திறந்து பார்த்துத்தான் பூஜ்யம் எழுத வேண்டும். (ஒருமுறை புனலில் வேப்பிலை அடைத்து, ராத்திரி முழுக்கப் பெய்தும் பாட்டிலில் ஒரு வாய்த் தண்ணீர்தான். அந்த எண்ணை எழுத எனக்குக் கை வரவில்லை.)

இந்த எட்டரை மணிதான் நாடு முழுக்க மழைக்கு நாள் மாறும் நேரம். செவ்வாய்க்கிழமை காலை 9 மணிக்குப் பெய்தால் அது புதன்கிழமைக் கணக்கில் ஏறும்.

நான் பார்த்த மழைமானியின் வாய் 200 சதுர சென்டிமீட்டர். குறுக்கே ஒரு சாண்கூட வராது. சுற்றுவட்டாரத்து மழைக்கெல்லாம் அதுதான் சாட்சி. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததே, அந்த மழை இந்த வாய்க்குள் 19 லிட்டராக விழும். கிட்டத்தட்ட ஒரு தண்ணீர் கேன்.

இப்போது உங்கள் வாசகத்துக்கு வருகிறேன். "ஓரிரு இடங்களில்" என்பது சும்மா பேச்சுக்குச் சொல்வது இல்லை. அந்தப் பகுதியில் உள்ள மழைமானிகளில் 25 சதவீதம் வரை நனையும் என்று அர்த்தம். நனைவது என்றால் குறைந்தது 2.5 மில்லிமீட்டர். "ஒரு சில இடங்களில்" என்றால் 26 முதல் 50 சதவீதம். "பெரும்பாலான இடங்களில்" என்றால் 75 சதவீதத்துக்கு மேல். எல்லாமே மழைமானிகளை எண்ணிச் சொல்வது. உங்கள் பாத்திக்கு அந்த எண்ணிக்கையில் இடமே இல்லை.

கரிசல்காடு:
எங்க தாத்தா தட்டான் தாழப் பறந்தால் மழை என்பார். சதவீதம் கேட்டால் அடிப்பார்.

வாடைக்காற்று:
அளப்பதை எட்டரைமணி அண்ணன் சொல்லிவிட்டார், கணிப்பதை நான் சொல்கிறேன். காலை ஐந்தரை, மாலை ஐந்தரை வாக்கில் உலகம் முழுக்க ஒரே சமயத்தில் பலூன் விடுகிறார்கள். நமக்கு மீனம்பாக்கத்திலிருந்து ஏறும். 30 கிலோமீட்டர் உயரம்வரை போகிற வழியெல்லாம் வெப்பம், ஈரம், காற்று என்று எண்களை அனுப்பிக்கொண்டே போய் வெடித்துவிடும். அதோடு செயற்கைக்கோள், கப்பல், விமானம் தருவதையும் சேர்த்துச் சூப்பர் கம்ப்யூட்டரில் போடுவார்கள். அது பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடும். இப்படிக் கணக்குப் போடும் முறையைத்தான் மாடல் என்பார்கள். இந்திய மாடல் ரொம்ப நாள் 12 கிலோமீட்டர் கட்டத்தில் ஓடியது, 2025இல் 6 கிலோமீட்டருக்கு வந்தது.

கோடை இடிமேகம் ஒன்று சில கிலோமீட்டர் அகலம்தான். ஒரு மணி நேரத்தில் பிறந்து, கொட்டி, செத்தும் போகும். அந்தக் கட்டத்துக்குள் அது எந்த மூலையில் முளைக்கும் என்று முதல்நாள் யாராலும் சொல்ல முடியாது. வங்கக்கடலில் ஒரு தாழ்வு மண்டலம் என்றால் கதை வேறு, நாலு நாள் முன்னாலேயே தெரிந்துவிடும்.

அதனால் ஏப்ரல், மே மாதங்களில் முதல்நாள் அறிக்கையை நம்பி உப்பு வாராதீர்கள். மதியம் ஒரு மணியிலிருந்து ராடார் படத்தையும், மூன்று மணி நேரத்துக்கான உடனடி எச்சரிக்கையையும் பாருங்கள். ராடாருக்கும் ஒரு குறை உண்டு. பூமி வளைவதால், 200 கிலோமீட்டர் தள்ளிப் போகும்போது அதன் கதிர் 4 கிலோமீட்டர் உயரத்தில்தான் போகும். கீழே நடப்பது அதற்குத் தெரியாது.

உப்பளத்தான்:
மூன்று மணி நேரத்தில் நாலு ஏக்கரை வார முடியாது தம்பி. ஆனால் ஏற்கெனவே வாரிக் குவித்ததையாவது தார்ப்பாய் போட்டு மூடிவிடலாம், சரி. எட்டரைமணி அண்ணே, நானே அளத்தில் ஒரு மழைமானி வைத்தால் என்ன?

எட்டரைமணி:
தாராளமாக வையுங்கள். அடியும் வாயும் ஒரே அகலமாக உள்ள ஒரு டப்பாவும் ஸ்கேலும் போதும். ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். உங்கள் பாத்தி அளவுக்குப் பெருக்கினால் எவ்வளவு நல்ல தண்ணீர் இறங்கியது என்று தெரிந்துவிடும். பேப்பர் பட்டியலில் வராது, உங்கள் நோட்டில் இருக்கும். பம்பு செட் கூரைக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். வேப்பமரத்தடி கூடவே கூடாது.